சம்பளச் சீட்டைப் பார்க்காத கட்சிகள்

மாதம் 22,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஓசூரிலோ கோவையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறார். குடும்பத்தில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே. ஆண்டுக்கு 2,64,000 ரூபாய் வருகிறது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியிலிருந்து அவர் வெளியேறிவிடுகிறார். அந்த வரம்பு 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமா என்றால், அங்கே குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மனைவிக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்றால், அதன் வரம்பு 2,50,000 ரூபாய். 14,000 ரூபாய் வித்தியாசத்தில் அதுவும் போகிறது. 2025ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்து, அதை நடுத்தர வர்க்கத்துக்கான பெரும் சலுகை என்றார்கள். அதற்கு முன்பும் அவர் வரி கட்டியதில்லை என்பதால், அந்தச் சலுகையில் அவருக்கு ஒரு பைசாகூட இல்லை.

இத்தனைக்கும் இந்த மனிதரின் பெயரைச் சொல்லாத கட்சி கிடையாது. உழைக்கும் மக்கள், சாமானியர், ஏழை நடுத்தர மக்கள் என்று எல்லாக் கட்சிகளின் மேடைகளிலும் அவர்தான் முன்னிறுத்தப்படுகிறார். தேர்தல் அறிக்கைகளில் அவர் குடும்பத்துக்கென்று ஏதாவது ஒன்று இருக்கவும் செய்கிறது. ஆனால் அவர் வேலை செய்யும் எட்டு மணி நேரத்தைப் பற்றியும், அந்த எட்டு எப்படிப் பத்தாகிறது என்பதைப் பற்றியும், அவர் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் தொகை முதுமையில் என்னவாகத் திரும்பி வரும் என்பதைப் பற்றியும் பேசுவதற்குச் சட்டமன்றத்தில் ஆள் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்த வர்க்கத்தைக் குடும்ப அட்டையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு, வேலை செய்பவராகப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் கணிப்பு. அது எப்படி நேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழ் நடுத்தர வர்க்கம் என்பதற்கு அரசு வகுத்த வரையறை ஏதும் இல்லை. துணிக்கடையில் நிற்கும் விற்பனையாளர், சொந்த ஆட்டோ ஓட்டுநர், தனியார் பள்ளி ஆசிரியை, பனியன் கம்பெனி டெய்லர், மருத்துவமனை லேப் டெக்னீஷியன், போக்குவரத்துக் கழக நடத்துநர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கான்ட்ராக்டில் இருக்கும் ஃபிட்டர் என்று அதன் முகங்கள் பல. பசி இல்லை, வாடகை கொடுக்க முடிகிறது, பிள்ளை படிக்கிறது. ஆனால் ஒரு அறுவை சிகிச்சையோ மூன்று மாத வேலையிழப்போ வந்தால் நகை அடகுக்குப் போகும். வறுமைக் கோட்டைக் கணக்கில் வைத்து வகுக்கப்படும் திட்டங்களுக்கும், வருமான வரியைக் கணக்கில் வைத்து வகுக்கப்படும் சலுகைகளுக்கும் இடையில் உள்ள நீண்ட இடைவெளியில் இவர்கள் வாழ்கிறார்கள். இவர்களிலும் மாதச் சம்பளக்காரரின் நிலை இன்னும் இறுக்கமானது. ஆட்டோ ஓட்டுநரின் வருமானம் எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவதே அவருக்கு வருமானம். பி.எஃப். பிடித்தம் உள்ளவருக்கோ ஒவ்வொரு ரூபாயும் கணினியில் இருக்கிறது. முறைப்படியான வேலைக்கு வந்ததே திட்டங்களின் வாசலில் அவருக்குத் தடையாகிறது.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பகுதியில், பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளரிடையே பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அதற்கு முன்னின்றார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அந்த அரசியலின் தொடக்கப் புள்ளி ஆலை வாசல்தான்; வேலை நேரம், மேஸ்திரியின் அடி உதை, உணவு இடைவேளை ஆகியவை அங்கே அரசியல் பிரச்சினைகளாக இருந்தன. பின்னால் வந்த திராவிட இயக்கமும் தொழிலாளரை விட்டுவிடவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி அளிக்க வேண்டும் என்றது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. அதையடுத்து ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர் என்று பல வாரியங்கள் உருவாயின.

இந்த வரிசையைக் கூர்ந்து கவனித்தால் ஒரு திருப்பம் தெரியும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவில் கை வைத்தது. முதலாளி செய்தாக வேண்டியது இது என்று கட்டளையிட்டது. நலவாரியங்களோ அந்த உறவைத் தொடவில்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவித் தொகை, திருமணத்துக்கு உதவித் தொகை, இறந்தால் ஈமச்சடங்குக்கு ஒரு தொகை, 60 வயதுக்குப் பின் சிறு ஓய்வூதியம் என்று அரசுக்கும் தொழிலாளிக்கும் நேரடி உறவு ஒன்றை அவை ஏற்படுத்தின. அந்த உதவிகளின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை; அமைப்புசாராத் தொழிலாளருக்கு அப்படி ஒரு ஏற்பாட்டை மற்ற பல மாநிலங்களுக்கு முன்பே செய்தது தமிழ்நாடு. ஆனால் அதன் வழியாகத் தொழிலாளி பயனாளியாக மாறினார். பயனாளிக்குக் கொடுப்பதில் கட்சிக்கு எதிரி யாரும் இல்லை. தொழிலாளிக்காகப் பேசினால் எதிரில் ஒரு முதலாளி இருப்பார். கட்சிகள் எந்தப் பாதையை எடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப வழியில் வந்த நன்மைகள் உண்மையானவை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். வருமானம் பார்க்காமல் அரிசி அட்டைக்கு இலவச அரிசி, சத்துணவு, காலை உணவு, 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை இந்த வர்க்கத்தின் மாதச் செலவில் நேரடியாகக் கை கொடுக்கின்றன. தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பயணம் சம்பள உயர்வுக்குச் சமம். சமையலறையிலும் பேருந்திலும் இவர்களுக்குப் பிரதிநிதித்துவம் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இல்லாதது பணியிடத்தில்.

பணியிடத்தில் கட்சி இல்லையா என்று கேட்கலாம். கொடியாக இருக்கிறது. சென்னையில் எந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாலும் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும், சங்கத்தின் பெயர்ப் பலகையும், அதில் தலைவர்களின் படங்களும் இருக்கும். பெரிய சந்திப்பென்றால் இரண்டு மூன்று கட்சிகளின் பலகைகள். தமிழ்நாட்டில் இவ்வளவு அடர்த்தியாகக் கட்சிகள் ஊன்றியுள்ள தொழில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. அந்த ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இது 2013 ஆகஸ்ட்டில் வந்தது; பத்தாண்டுகளுக்கு மேலாகத் திருத்தப்படவில்லை. இடையில் இரு பெரும் கட்சிகளும் ஆண்டிருக்கின்றன, உயர் நீதிமன்றமும் கட்டணத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறது. இந்தக் காலத்தில் மீட்டர் செத்துப் போனது. அந்த இடத்தைச் செல்போன் செயலிகள் எடுத்துக்கொண்டன. ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவில் அரசு நிர்ணயிக்க வேண்டிய விலையை, இருவருக்கும் முகம் காட்டாத ஒரு நிறுவனம் நிர்ணயிக்கும் நிலை வந்தது.

இதைக் கட்சிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சிக்கல் இன்னும் ஆழமானது. ஆட்டோவில் ஏறுபவரும் பெரும்பாலும் அதே வர்க்கத்தைச் சேர்ந்தவர்தான். கட்டணத்தை ஏற்றினால் ஓட்டுநர் சில ஆயிரம் பேர் மகிழ்வார்கள், பயணிகள் பல லட்சம் பேர் திட்டுவார்கள். பேருந்துக் கட்டணத்திலும் இதே கணக்குதான். 2018 ஜனவரியில் கட்டணத்தை உயர்த்தியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு சில நாட்களிலேயே உயர்வைச் சற்றுக் குறைத்தது. அந்த அனுபவத்துக்குப் பின் கட்டணத்தின் பக்கம் போக எந்த ஆட்சியும் விரும்பவில்லை. பயணிக்கு அது நல்லதே. ஆனால் போக்குவரத்துக் கழகங்களின் பற்றாக்குறையை அரசு முழுமையாக ஈடுகட்டாத நிலையில், அந்தச் சுமை போய் இறங்கிய இடம் ஓட்டுநர்களும் நடத்துநர்களும்தான். முப்பது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்தவர் ஓய்வு பெறும் நாளில் கையில் வாங்க வேண்டிய பணப்பலனுக்காக மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். ஓய்வூதியர்களின் அகவிலைப்படி உயர்வு நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரே வர்க்கத்தின் இரு பகுதிகளில், எண்ணிக்கையில் பெரியதான நுகர்வோர் பகுதியைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கின்றன. வாக்கு எண்ணிக்கையில் இது பிழையான கணக்கு அல்ல என்பதுதான் வருத்தம். நுகர்வோராக மீதம் பிடிக்கும் பணத்தை அந்த வர்க்கம் தொழிலாளியாக இழக்கிறது.

தொழிற்சங்கம் இதைத் தட்டிக் கேட்க வேண்டாமா? போக்குவரத்துக் கழகத்தையே பார்ப்போம். 2018 ஜனவரியில் ஊதிய ஒப்பந்தம் தொடர்பாகப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது அ.தி.மு.க. ஆட்சி, தி.மு.க.வின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றது, அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பேருந்தை ஓட்டியது. 2024 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம். அப்போது தி.மு.க. ஆட்சி, அண்ணா தொழிற்சங்கப் பேரவை மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சி.ஐ.டி.யு.வோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது, தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் பேருந்தை ஓட்டியது. கோரிக்கைகளின் சாரம் பெரிதாக மாறவில்லை, ஓட்டுநர்களும் மாறவில்லை. மாறியது ஆட்சி. ஆளுங்கட்சிச் சங்கத்தில் இருந்தால் பணிமனையில் இலகுவான டியூட்டியும் விரும்பிய இடமாற்றமும் கிடைக்கும் என்பதால் ஆட்சி மாறும்போது உறுப்பினர்களும் மாறுகிறார்கள். தொழிலாளரின் குரலைக் கட்சிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய சங்கம், கட்சியின் நிலைப்பாட்டைத் தொழிலாளரிடம் எடுத்துச் செல்லும் சங்கமாகிறது. இந்த இரு பெரும் சங்கங்களையும் பற்றி நான் சொல்லும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான். இதில் எனக்குத் தயக்கமில்லை.

இடதுசாரிக் கட்சிகளின் சங்கங்கள் இந்த அளவுக்கு வளைந்து கொடுப்பதில்லை. ஆனால் அவற்றின் கட்சிகள் சட்டமன்றத்தில் சுருங்கிவிட்டன. 2021 தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இரண்டு இடம், மார்க்சிஸ்ட் கட்சிக்கு இரண்டு இடம்; நான்கும் தி.மு.க. கூட்டணியில் வென்றவை. அந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் ஆவணச் சான்று உண்டு. 2019 மக்களவைத் தேர்தல் செலவாகத் தேர்தல் ஆணையத்துக்கு தி.மு.க. அளித்த கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் வழங்கியதாக இருந்தது. பணம் வங்கி வழியாக, கணக்கில் காட்டித் தரப்பட்டது; அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆயினும் தொழிலாளருக்காக ஆளுங்கட்சியோடு மோத வேண்டிய கட்சி, தேர்தலுக்கு அதே கட்சியை எதிர்பார்த்திருக்கும் நிலை நல்லதல்ல.

தேர்தல் பணம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். பெரிய மாநிலங்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு, 2022 ஜனவரித் திருத்தத்தின்படி, 40 லட்சம் ரூபாய். மாதம் 22,000 ரூபாய் சம்பளக்காரர் தன் சம்பளம் முழுவதையும் செலவில்லாமல் சேர்த்தாலும் அந்தத் தொகைக்குப் பதினைந்து ஆண்டு ஆகும். உண்மைச் செலவு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை ஊரறியும். பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் தேர்தல் ஆணையத்தின் முடிவாலோ பரிந்துரையாலோ நிறுத்தப்பட்டன. இப்படிப்பட்ட களத்தில் கல்லூரி உரிமையாளர், ஒப்பந்ததாரர், ரியல் எஸ்டேட் வியாபாரி ஆகியோரே சீட்டுக்குத் தகுதியானவர்களாகக் கட்சிகளுக்குத் தெரிகிறார்கள். 2021இல் வென்ற சட்டமன்ற உறுப்பினர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் தங்கள் பிரமாணப் பத்திரத்தின்படியே கோடீஸ்வரர்கள். அதே தேர்தலில் திருத்துறைப்பூண்டியில் வென்ற க. மாரிமுத்துவும் கந்தர்வகோட்டையில் வென்ற எம். சின்னதுரையும் எளிய வீடுகளில் வாழ்பவர்கள் என்பது நாளிதழ்களில் தனிச் செய்தியாக வந்தது. ஏழை வேட்பாளர் வென்றால் அது செய்தியாகும் அளவுக்கு அரிதாகிவிட்டது.

கட்சிக்கு வரும் பணமும் அப்படியே. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்த பின் வெளியான விவரங்களின்படி, தி.மு.க. பெற்ற தொகை 656.5 கோடி ரூபாய். அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. பா.ஜ.க. பெற்றதோ 6,000 கோடிக்கு மேல். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் கட்சிக்கு உறுப்பினர்தான் முதலாளி. பத்திரத்தில் நடக்கும் கட்சியை அப்படிச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் மீறித் தொழிலாளரின் குரல் சில சமயம் சட்டமன்றம் வரை எட்டுகிறது. அது எப்படி எட்டுகிறது என்பதற்கு 2023 ஏப்ரல் நல்ல எடுத்துக்காட்டு. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி வரை நெகிழ்வாக மாற்ற இடமளிக்கும் திருத்த மசோதாவை, ஏப்ரல் 21 அன்று தி.மு.க. அரசு குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுமுறை, தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றெல்லாம் விளக்கம் தரப்பட்டது. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு விருப்பம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்று கூட்டணிக் கட்சிகள் கேட்டன, வெளிநடப்புச் செய்தன; தொழிற்சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் கர்நாடகத்தில் பா.ஜ.க. அரசு இதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது. மின்னணு நிறுவனங்களின் முதலீட்டுக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும்போது, கொள்கையில் எதிரெதிரான இரு கட்சிகள் தொழிலாளியின் வேலை நேரத்தில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்தன. அதைத் தடுத்தது, ஆளுங்கட்சியைச் சாராத சங்கங்களும், பிரிந்து போகும் சக்தி உள்ள கூட்டணிக் கட்சிகளும், அடுத்த ஆண்டு வரவிருந்த மக்களவைத் தேர்தலும் ஒன்றாகக் கூடிய ஒரு நேரம்.

அந்த நேரம் எப்போதும் கூடி வருவதில்லை. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தாலும், மையக் கோரிக்கை தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதே. சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் தந்த உரிமை. அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சங்கச் சட்டம் 1926ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தச் சட்டத்தின்படி சங்கத்தைப் பதிவு செய்வது மாநிலத் தொழிலாளர் துறையின் வேலை. வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள், போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில், அதுவும் உயர் நீதிமன்றம் காலக்கெடு விதித்த பிறகு. கூட்டணிக் கட்சித் தலைவர்கள் பந்தலுக்கு வந்து ஆதரவு தெரிவித்தது உண்மை. ஆயினும் ஒரு பதிவுச் சான்றிதழுக்காகத் தொழிலாளர் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது என்றால், அந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பயன்படவில்லை என்றே பொருள்.

2025 ஆகஸ்ட்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நடந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து, அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்த தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் நடைபாதையில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் 22,000 ரூபாயை ஒட்டிய மாத வருமானத்துக்கு வந்திருந்தவர்கள். தனியாரிடம் போனால் அதில் கணிசமாகக் குறையும் என்பது அவர்களின் அச்சம். கீழ் நடுத்தர வர்க்கத்தின் முதல் படியில் கால் வைத்தவரை மீண்டும் கீழே இறக்கும் முடிவு அது. அவர்களுக்காக நின்றது பெரிய கட்சி எதுவும் அல்ல. உழைப்போர் உரிமை இயக்கம் என்ற சங்கம். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல் துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, சுயதொழிலுக்குக் கடன் மானியம் என்று நலத்திட்டங்களை அறிவித்தது. கேட்டது பணி, கிடைத்தது திட்டம். நலவாரியங்களில் தொடங்கிய பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

மத்தியில் ஆளும் கட்சிகளின் கதை ஓய்வூதியத்தில் தெரிகிறது. தனியார் ஊழியரின் பி.எஃப். கணக்கோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அது 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியம் கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயும் அதே மாதத்தில் வந்தது. இந்த வரம்புக்குள் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, திட்டத்தின் சூத்திரப்படி, மாத ஓய்வூதியம் 7,000 ரூபாயைத் தொடுவதில்லை. 2013இல் பா.ஜ.க.வைச் சேர்ந்த பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3,000 ரூபாயாக்கப் பரிந்துரைத்தது. அப்போது அவர் கட்சி எதிர்க்கட்சி. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்து, பத்தாண்டு கடந்தும் அந்தப் பரிந்துரை நிறைவேறவில்லை. அதற்கு முன் பத்தாண்டு மத்தியில் ஆண்ட காங்கிரஸ் கூட்டணியில் தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கு அமைச்சர் பதவிகள் இருந்தன. அவையும் இதற்காகக் கூட்டணியை நெருக்கியதாக நினைவில்லை.

இதே காலத்தில் மத்திய அரசு ஊழியருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு பணி முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி செய்யப்பட்டது. அரசு ஊழியருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பது என் நோக்கமல்ல. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமே. அவர்களால் எப்படி வாங்க முடிந்தது என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி ஓர் இடம்கூட வெல்லவில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல இருந்தாலும், அதன் பிறகு ஜெயலலிதா அரசே ஊழியர் மீதான நடவடிக்கைகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது; அன்றிலிருந்து ஓய்வூதியம் இல்லாத தேர்தல் அறிக்கை தமிழ்நாட்டில் வருவதில்லை. கட்சி எல்லையைத் தாண்டிய கூட்டமைப்பு, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர் என்ற செல்வாக்கு, வேலை போகாது என்ற பாதுகாப்பு மூன்றும் அவர்களுக்கு உண்டு. பனியன் கம்பெனி டெய்லருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

அவருக்கு இன்னொன்றும் இல்லை. அது அதிகம் பேசப்படாதது. அவர் வேலை செய்யும் இடத்தில் அவருக்கு வாக்கு இல்லை. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்து வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கியிருப்பவர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரில் இருக்கும். தேர்தலுக்கு முதல் நாள் சிறப்புப் பேருந்தில் ஊருக்குப் போய் வாக்களித்துவிட்டுத் திரும்புவார்கள். ஊரின் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பது சாலை, குடிநீர்த் தொட்டி, பாலம். தொழிற்சாலை அவர் தொகுதியில் இல்லை. தொழிற்சாலை உள்ள தொகுதியின் உறுப்பினருக்கோ இவர்கள் வாக்காளர்களே அல்லர். அங்கே அவரைத் தேர்ந்தெடுப்பவர்களில் அறையை வாடகைக்கு விடுபவரும் ஆலைக்கு வேன் விடுபவரும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரும் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களைச் சேர்த்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிது. குடும்பம் வாழும் இடத்தில் வாக்கும், உழைப்பு நடக்கும் இடத்தில் வாக்கின்மையும் இருக்கும்போது, கட்சிகள் குடும்பத்தை மட்டும் பார்ப்பதில் வியப்பில்லை.

துணிக்கடைப் பெண்களின் அனுபவம் வேறொரு வழியையும் காட்டுகிறது. தியாகராய நகரின் பெரிய கடைகளில் காலை ஒன்பது, பத்து மணிக்குச் சேலை மடிக்கத் தொடங்கும் பெண், இரவு கடை மூடும் வரை நின்றபடியே இருப்பாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது, சிசிடிவி கேமராவில் பார்த்து மேற்பார்வையாளர் வந்துவிடுவார். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அந்த வேலையோடு வருபவை. கேரளத்தில் இதே நிலையை எதிர்த்துக் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள், பெரிய சங்கங்களை நம்பிக் காத்திராமல், தாங்களே கூடிப் போராடினார்கள். 2018இல் கேரள அரசு இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. முதலாளி செய்தாக வேண்டியது இது என்று அரசு மீண்டும் கட்டளையிட்ட அரிய தருணம் அது. ஸ்டூல் போட்டிருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் வேண்டும், அவர்களை நியமிப்பது ஓட்டு வாங்கித் தரும் அறிவிப்பாக எந்தக் கட்சிக்கும் தோன்றுவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று, பழைய மத்தியத் தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டின் பெரும்பாலான கட்சிகள் அவற்றை எதிர்த்தன. ஆட்களைக் குறைக்கவோ ஆலையை மூடவோ அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்ந்ததை எல்லாரும் சுட்டிக்காட்டினார்கள். அதே தொகுப்பில் குறித்த கால வேலை என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. ஓராண்டு, ஈராண்டு என்று ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கலாம். ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு இல்லை. 480 நாளில் நிரந்தரம் என்ற 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கருத்துக்கு இது நேர் எதிரானது. அந்தச் சட்டம் இருக்கும்போதே 480 நாள் நிறைவதற்குள் ஆளை நிறுத்தி, சில வாரம் கழித்து வேறு கான்ட்ராக்டர் பெயரில் எடுக்கும் வழக்கம் தொழிற்பகுதிகளில் உண்டு. புதிய ஏற்பாட்டில் அந்தச் சுற்றுவழியும் தேவைப்படாது. தொகுப்புகளை எதிர்ப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு கட்சியிடமும், அந்த 480 நாள் சட்டத்தை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள், அதற்குச் சட்டமன்றத்தில் என்ன திருத்தம் கொண்டுவரப் போகிறீர்கள் என்று, ஊரில் வாக்குக் கேட்டு வரும்போதே கேட்டுவிடலாம்.